புளிப்புச் செர்ரி எட்டு கிலோ வருகிறது, போன வருடம் போல் குப்பைக்குப் போகக் கூடாது

மாடிவீட்டு_மல்லி
புதன், இரவு 9:48

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் டோர்ட்முண்ட் பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் மதுரைக்கு அருகே. கீழ்வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு சின்னத் தோட்டம், அதில் ஒரே ஒரு ஷாட்டன்மொரெல்ல மரம், அது புளிப்புச் செர்ரியில் ஒரு ரகம். இப்போது அவரால் ஏணி ஏற முடியாது. "நீயே பறித்துக்கொள், எனக்கு ஒரு கிண்ணம் கொடு, போதும்" என்று போன வருடம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

போன வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் போய்ப் பறித்தோம். காம்பைப் பிடித்து இழுத்தால் வரவில்லை, பழத்தைப் பிடித்தால் லேசாக வந்தது. அப்படியே உருவி உருவி வாளியில் போட்டோம். வீட்டுக்கு வந்ததும் நம்ம வழக்கப்படி எல்லாவற்றையும் கழுவி, வடித்து, அதே வாளியில் கொட்டி, மூடி போட்டுக் கெல்லரில் வைத்தேன். நிலவறைதானே, சில்லென்று இருக்கும் என்று ஒரு தைரியம். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் கள்ளுக்கடை வாசனை. அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சாறு, மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சை. ராத்திரி பத்து மணிக்கு மேல், பாட்டி வீட்டில் விளக்கு அணைந்ததும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். மறுநாள் "கேக் செய்தாயா?" என்று கேட்டார். செய்தேன், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

வரும் சனிக்கிழமை மறுபடி பறிக்கப் போகிறோம். மரம் போன வருடத்தைவிட நிறையக் காய்த்திருக்கிறது, எட்டு கிலோவாவது தேறும். இதைப் பழமாகவே எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? ஃப்ரிட்ஜ் சின்னது. ஃப்ரீசரில் மூன்று இழுப்பறை, அதில் ஒன்றில் முழுக்க மீன்.


கெல்லர்_அண்ணை
புதன், இரவு 10:31

தங்கச்சி, வாசித்துவிட்டுச் சிரித்தேன், கோபிக்க வேண்டாம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் ஒரு பெட்டி செர்ரியை இப்படித்தான் கழுவிக் கெடுத்தேன். இப்போது என் தோட்டத்தில் இரண்டு மரம் நிற்கிறது.

உங்களுக்கு நடந்ததில் நாலு பிழை. முதலாவது, காம்பு. இனிப்புச் செர்ரியைக் காம்போடு திருகி எடுக்கலாம். ஷாட்டன்மொரெல்லயில் காம்பு கிளையோடு இறுக்கமாக இருக்கும், பழம்தான் காம்பை விட்டுக் கழன்று வரும். கழன்றால் தலையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையால் சாறு வெளியே வரும், பூஞ்சை உள்ளே போகும். பலமாக இழுத்தால் கிளையின் பட்டையும் சேர்ந்து உரியும், மரத்துக்கும் கூடாது. ஆகவே கத்தரிக்கோல். நகம் வெட்டுகிற சின்னக் கத்தரி போதும். காம்பில் பாதி பழத்தோடு இருக்கும்படி வெட்டுங்கள். எட்டு கிலோவையும் அப்படி வெட்ட முடியாது, தோள் கழன்றுவிடும். பழமாக வைக்கப் போகிறதை மட்டும் வெட்டினால் காணும், மிச்சத்தை உருவலாம்.

இரண்டாவது, மத்தியானம். வெயிலில் சூடேறிய பழம் வாளிக்குள்ளும் சூடாகவே இருக்கும். காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏற முன்னம் முடித்துவிடுங்கள். மூன்றாவது, வாளி. மேலே இருக்கிற பழத்தின் பாரத்தில் அடியில் இருப்பது நசியும். தட்டையான பெட்டியில் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். நாலாவது, கழுவினது.

கெல்லரைப் பற்றியும் ஒரு சொல். உருளைக்கிழங்குக்கு அது நல்ல இடம். ஆடி மாதத்தில் என் கெல்லர் 17 டிகிரி காட்டுகிறது. செர்ரிக்கு அது காய்ச்சல்.


ஏரிக்கரை
வியாழன், காலை 6:05

நான் மிச்சிகனில், டிராவர்ஸ் சிட்டியிலிருந்து அரை மணி நேர தூரத்தில் இருக்கிறேன். சுற்றிலும் புளிப்புச் செர்ரித் தோப்புகள். அமெரிக்காவில் விளையும் புளிப்புச் செர்ரியில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட இந்த ஒரு மாநிலத்தில்தான். ஏறக்குறைய எல்லாமே மான்ட்மொரன்சி என்ற ஒரே ரகம். அது வெளிர்சிவப்பு, சாறு தெளிவாக இருக்கும். உங்கள் ஷாட்டன்மொரெல்ல கறுஞ்சிவப்பு, சாறும் கறை பிடிக்கும்.

மல்லி அக்கா, இவ்வளவு விளைகிற ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன்: இங்கே யாரும் இதைப் பழமாக வைத்துக்கொள்ள முயற்சி செய்வதே இல்லை. கடையில் இனிப்புச் செர்ரி குவிந்து கிடக்கும். புளிப்பு, ஜூலையில் இரண்டு மூன்று வாரம் சாலையோரக் கடைகளில் கிடைக்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் தொழிற்சாலைக்கு. இயந்திரம் மரத்தின் அடியைப் பிடித்துச் சில நொடி உலுக்கும், பழம் விரிப்பில் மழை போலக் கொட்டும், அங்கிருந்து நேரே குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள். லாரியில் போவதும் அந்தத் தண்ணீரோடுதான். அப்புறம் கொட்டை எடுத்து உறையவைத்துவிடுவார்கள். மொத்த வியாபாரத்தில் "ஐந்துக்கு ஒன்று" என்று ஒரு வாளி உண்டு. 25 பவுண்டு பழம், 5 பவுண்டு சர்க்கரை, 30 பவுண்டு வாளி.

2012இல் மார்ச் மாதமே கோடை மாதிரி வெயில் அடித்து மரமெல்லாம் பூத்துவிட்டது. ஏப்ரலில் உறைபனி வந்து மிச்சிகன் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு போனது. அந்த வருடம் செர்ரி வைத்து 'பை' என்கிற பண்டம் சுட்டவர்கள் முந்தைய வருடத்து ஃப்ரீசர் பையைத்தான் பிரித்தார்கள்.

ஆகவே என் கருத்து, எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்காதீர்கள். அன்று ராத்திரிக்குள் எவ்வளவை முடிக்க முடியும் என்று பாருங்கள்.


வினிகர்_வேலன்
வியாழன், காலை 11:20

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர். ஐந்து நிமிடம் ஊறவைத்து, அலசி, துணியில் உலர்த்தி, டப்பாவில் கிச்சன் பேப்பர் போட்டு வைக்கவும். ஸ்ட்ராபெர்ரி என் வீட்டில் இப்படித்தான் பத்து நாள் தாங்குகிறது. செர்ரி ஏன் தாங்காது? கழுவாமல் வைப்பது சோம்பேறிகள் கண்டுபிடித்த சாஸ்திரம்.


நுண்ணுயிர்
வியாழன், மதியம் 1:15

உணவுத் தொழில்நுட்பம் படித்தவள், கோவையில் வேலை. புளிப்புச் செர்ரியைக் கையில் பிடித்ததே ஒரு முறைதான், ஆனால் விதி எல்லாப் பழத்துக்கும் ஒன்றுதான் என்பதால் உள்ளே வருகிறேன்.

செர்ரி பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம், வாழைப்பழம் போல வைத்துப் பழுக்கவைக்கும் சமாசாரம் இதில் இல்லை. பறித்த கணத்தில் இருக்கும் இனிப்புதான் கடைசி வரைக்கும், அதற்குப் பிறகு இறங்குமுகம் மட்டுமே. புத்தகக் கணக்கில் இனிப்புச் செர்ரி 0 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் நிற்கும். புளிப்புச் செர்ரிக்கு அதே குளிரில் 3 முதல் 7 நாள். தோல் மெல்லியது, சதை இளகியது, அதனால்தான் இந்த வித்தியாசம். சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி, கதவுப் பக்கம் இன்னும் கூட. ஆகவே கையில் இருப்பது நாலு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கிடைப்பது லாபம்.

எந்தத் தட்டு என்று கேட்பீர்கள். காய்கறி இழுப்பறைக்கு மேலே இருக்கும் கண்ணாடித் தட்டு, பின்சுவர் ஓரம். பெரும்பாலான ஃப்ரிட்ஜில் குளிர் அதிகம் அங்கேதான். சில புது ஃப்ரிட்ஜில் 0 டிகிரி இழுப்பறை என்று தனியாக வருகிறது. அது இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சர்க்கரையும் அமிலமும் இருப்பதால் செர்ரி 0 டிகிரியில் உறையாது.

வேலன் சார், வினிகர் மேல்தோலில் உள்ள பூஞ்சை வித்துகளைக் குறைக்கும் என்பது சரிதான். கேள்வி அதற்குப் பிறகு வரும் ஈரத்தைப் பற்றி. காம்புக் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் வினிகர் செய்த வேலையெல்லாம் அங்கே முடிந்தது. எட்டு கிலோ என்றால் ஆயிரம் பழத்துக்கு மேல். ஒவ்வொன்றையும் குழிக்குள் துடைப்பீர்களா?


மாடிவீட்டு_மல்லி
வியாழன், மாலை 6:40

அண்ணா கழுவாதே என்கிறார், ஏரிக்கரை தம்பி ஊரில் லாரியிலேயே தண்ணீரில் மிதந்து போகிறது. எதை நம்புவது?

இன்னொரு பயம், புழு. போன வருடம் பிளந்து பார்த்த பழம் ஒன்றில் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. கழுவாமல் வைத்தால் அதோடு சேர்த்தா வைப்பது?


ஏரிக்கரை
வியாழன், இரவு 8:02

நல்ல கேள்வி அக்கா, இதை எங்கள் பக்கத்துத் தோட்டக்காரரிடமே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர் அழுக்கு போக்குவதற்காக வைத்ததில்லை. பழத்தின் சூட்டை இறக்குவது ஒன்று, சதையை இறுகவைப்பது இன்னொன்று. உலுக்கி விழுந்த பழம் மெத்தென்று இருக்கும், அப்படியே கொட்டை எடுத்தால் கிழிந்து சாறாகப் போகும். சில மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தால் கெட்டியாகும், அப்புறம் கொட்டை சுத்தமாகக் கழன்று வரும். தண்ணீரை விட்டு வெளியே வந்த பழம் அன்றைக்கே ஃப்ரீசருக்குள் போய்விடுகிறது, ஈரத்தோடு ஒரு ராத்திரி கூடக் காத்திருப்பதில்லை.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஃப்ரீசருக்குப் போகப் போகும் பழத்தை ஐஸ் போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் போடுங்கள். கொட்டை எடுக்கும்போது வித்தியாசம் தெரியும். ஃப்ரிட்ஜில் பழமாக நிற்கப் போவதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் காட்டாதீர்கள். அண்ணன் சொன்னதும் இதுவும் மோதவே இல்லை, இரண்டும் வேறு வேறு குவியல்.


கெல்லர்_அண்ணை
வியாழன், இரவு 8:55

புழு விஷயம். செர்ரிப் பழ ஈ இனிப்புச் செர்ரியைத்தான் கூட விரும்பும், ஆனாலும் புளிப்பிலும் வரும். இப்போது அதைவிடப் பெரிய தலையிடி இந்த நாட்டுக்காரர் செர்ரி வினிகர் ஈ என்று சொல்கிற ஒன்று. கிழக்காசியாவிலிருந்து வந்தது, பத்துப் பதினைந்து வருடமாக இங்கே பரவிக் கிடக்கிறது. மற்ற வினிகர் ஈக்கள் அழுகின பழத்தில் முட்டை இடும், இது நல்ல பழத்தையே அறுத்து இடும். பிந்திப் பழுக்கிற மரத்தில்தான் இது அதிகம். ஷாட்டன்மொரெல்ல பிந்தித்தான் பழுக்கும்.

நான் செய்வது இது. மரத்தின் மேல், கீழ், நடு என்று ஒரு இருபது பழத்தைத் தனியே எடுத்து உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போடுவேன். ஏதாவது இருந்தால் வெளியே வந்து நெளியும். ஒன்று இரண்டு என்றால் பரவாயில்லை. நாலைந்து வந்தால் பழமாக வைக்கிற யோசனையை விட்டுவிட்டு முழுவதையும் அன்றைக்கே சாறாக்குவேன். சோதனைக்கு இருபது போதும். ஈ வருகிறது என்று எட்டு கிலோவையும் நனைக்க வேண்டாம்.


ஸ்காபரோ_சமையல்
வியாழன், இரவு 11:30

கனடாவிலிருந்து. நயாகராப் பக்கத் தோட்டங்களில் ஜூலை நடுவில் கொட்டை எடுத்த புளிப்புச் செர்ரியை வாளியாக விற்பார்கள், சர்க்கரை போட்டதும் இருக்கும், போடாததும் இருக்கும். நானும் தங்கச்சியும் ஒரு பெரிய வாளியை வாங்கிப் பங்கு போடுவோம்.

முதல் வருடம் வாளியை அப்படியே ஃப்ரீசரில் தூக்கி வைத்தேன். ஒரு கேக்குக்குக் கொஞ்சம் வேண்டும் என்று பார்த்தால் பாறாங்கல். கரண்டியால் குத்தினேன், கத்தியால் குத்தினேன், கடைசியில் முழு வாளியையும் இளகவிட்டேன். இளகினதை மறுபடி உறையவைத்தால் அது செர்ரியாக இராது, சிவப்புச் சகதி. இப்போது வாங்கி வந்த அன்றே நாலு கப் நாலு கப்பாகப் பையில் அளந்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, தட்டையாகப் படுக்கவைப்பேன். தட்டையாக உறைந்த பை புத்தகம் மாதிரி நிற்கும், இடமும் மிச்சம், உடைப்பதும் சுகம். மல்லியின் மூன்று இழுப்பறைக்கு இதுதான் வழி.

அளவு: நாலு கப் பழத்துக்கு முக்கால் கப் சர்க்கரை. சர்க்கரை கரைந்து சாறு விட்டதும் பையில் போடவும். இது கேக், பை, ஜாம் செய்கிறவர்களுக்கு. ரசம், சட்னி, ஊறுகாய் என்று யோசிப்பவர்கள் சர்க்கரை போடாமல் தட்டில் பரப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் உறையவைத்து, பிறகு பையில் கொட்டவும். அப்படியானால் ஒரு பிடி வேண்டுமென்றாலும் அள்ளலாம். கேக்கில் போடும்போது இளகவிடாதீர்கள், உறைந்தபடியே மாவில் போடுங்கள். இளகினால் நிறமெல்லாம் மாவில் ஓடும்.

கொட்டை எடுக்க கருவி வாங்காதீர்கள். தலைமுடிக்குக் குத்துகிற ஊசி, அல்லது பேப்பர் கிளிப்பை எஸ் மாதிரி விரித்துக்கொள்ளுங்கள். காம்பிருந்த குழிக்குள் விட்டு, கொட்டைக்கு அடியில் வளைத்து ஒரு சுண்டு. பழம் உடையாமல் கொட்டை வரும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கையை வைத்தே செய்யுங்கள். நான் மேசையில் வைத்துச் செய்த நாள், வேலையால் வந்த மனுசன் வாசலிலேயே நின்று "யாருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். சுவர், மூக்குக்கண்ணாடி, நாட்காட்டி, எல்லாம் சிவப்பு.


வினிகர்_வேலன்
வெள்ளி, காலை 9:10

கொட்டையை எடுக்காமலே உறையவைத்தால் என்ன? வேலை மிச்சம். நேரம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாமே.


நுண்ணுயிர்
வெள்ளி, காலை 10:44

வைக்கலாம், தவறில்லை. இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வையுங்கள். மாதங்கள் போகப் போகக் கொட்டையிலிருந்து ஒரு பாதாம் வாசனை சதைக்குள் இறங்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு இருமல் மருந்து ஞாபகம்தான் வரும். இரண்டாவது, உறைந்து இளகின பழத்தில் கொட்டை எடுப்பது சேற்றில் காசு தேடுவது போல. முழுதாக இளகும் முன், பாதி உறைந்த நிலையில் எடுத்தால் தப்பிக்கலாம்.

கொட்டையோடு மிக்ஸியில் அடிக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். பருப்புக்குள் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது, நொறுங்கினால் சயனைடு உண்டாகும். தெரியாமல் ஒரு கொட்டையை முழுதாக விழுங்கினால் அது பாட்டுக்கு வெளியே போய்விடும். உடைப்பதும் அரைப்பதும்தான் ஆபத்து.

ஃப்ரீசர் −18 டிகிரியில் நின்றால் ஒரு வருடம் வரை சுவை நன்றாக இருக்கும். மீன் இருக்கிற இழுப்பறையில் மட்டும் வைக்காதீர்கள், இரட்டைப் பை போட்டாலும்.


களாக்காய்
வெள்ளி, மதியம் 12:30

திருநெல்வேலியிலிருந்து ஒரு அப்பாவிக் கேள்வி. செர்ரி என்றால் பேக்கரியில் தேங்காய் பன் நடுவிலும் கேக் மேலும் இருக்குமே, அதுதானே? அது ஃப்ரிட்ஜே இல்லாமல் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, அதை எப்படிச் செய்கிறார்களோ அப்படிச் செய்யக் கூடாதா?


நுண்ணுயிர்
வெள்ளி, மதியம் 12:52

உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது சார். நம்மூர் பேக்கரிச் செர்ரியில் பெரும்பகுதி களாக்காய்தான். கொட்டை எடுத்து, நிறம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் படிப்படியாக ஊறவைத்தது. சர்க்கரை அவ்வளவு ஏறிவிட்டால் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீரே மிஞ்சாது, அதனால் கெடுவதில்லை. நிஜச் செர்ரியையும் அப்படிச் செய்யலாம், ஆனால் செய்தபின் அது பழமில்லை, மிட்டாய்.


கெல்லர்_அண்ணை
வெள்ளி, மாலை 5:20

நான் முதன்முதலில் இதைக் கடித்தபோது ஞாபகம் வந்தது லொவிப்பழம். ஊரில் உப்பும் தூளும் தொட்டுச் சாப்பிடுவோம், அதே கூச்சம். இன்றைக்கும் ஷாட்டன்மொரெல்லயை அப்படித்தான் சாப்பிடுகிறேன். மகளுக்கு வெட்கம்.

போத்தலில் அடைப்பதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. ஃப்ரீசர் சின்னது என்றால் இந்த நாட்டு வழிதான் நல்லது. தடித்த கண்ணாடிப் போத்தல், கண்ணாடி மூடி, நடுவில் ரப்பர் வளையம், இரண்டு கிளிப். வெக் என்பது கம்பெனிப் பெயர். அதிலிருந்து "ஐன்வெக்கன்", அதாவது போத்தலில் அடைப்பது, என்று ஒரு வினைச்சொல்லே பிறந்து 1907இல் டூடன் என்ற ஜெர்மன் அகராதியில் ஏறிவிட்டது. பழத்தைக் கழுவி, கொட்டையோடோ இல்லாமலோ நிரப்பி, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, மூடி, பெரிய பானைத் தண்ணீரில் 80 டிகிரியில் 30 நிமிடம். ஆறினதும் கிளிப்பைக் கழற்றிவிட்டு மூடியைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும், போத்தலே கூட வந்தால் சரி. அந்தப் போத்தல் கெல்லரில் ஒரு வருடம் நிற்கும். பாருங்கள், கடைசியில் கெல்லரும் உதவுகிறது.


நுண்ணுயிர்
வெள்ளி, மாலை 6:03

அண்ணா சொன்னதற்கு ஒரு வால். புளிப்புச் செர்ரியில் அமிலம் தாராளமாக இருப்பதால்தான் வெறும் வெந்நீரில் அடைப்பது போதுமாகிறது. இதே பானையில், இதே சூட்டில் பீன்ஸ் அடைக்கலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள். அது வேறு பாடம்.


மாடிவீட்டு_மல்லி
ஞாயிறு, காலை 7:30

கைவிரல் பத்தும் கறுப்பு, சோப்புக்குப் போகவில்லை. எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தபின் கொஞ்சம் வெளுத்தது.

நேற்றுக் காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். உப்புத் தண்ணீர்ச் சோதனையில் இருபதுக்கு ஒரே ஒரு புழு. அவர் ஏணியில் உருவினார், நான் கீழ்க்கிளைகளில் கத்தரியோடு. வெட்டிப் பறிப்பது எவ்வளவு மெதுவான வேலை என்று இப்போது தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒன்றரை கிலோ, அவர் வாளி நிரம்பிவிட்டது. மொத்தம் 9 கிலோ 200 கிராம், குளியலறைத் தராசில் வாளியோடு ஏறி நின்று நிறுத்தது, அதனால் முன்னே பின்னே இருக்கும்.

பாட்டிக்கு ஒரு கிண்ணம். உருவியதில் அஞ்சு கிலோவை ஐஸ் தண்ணீரில் போட்டு, ஹேர்பின்னால் கொட்டை எடுத்தோம். ஏரிக்கரை தம்பி, நீங்கள் சொன்னது நிஜம். ஊறாத பழத்தில் ஒரு கிண்ணம் எடுத்துப் பார்த்தேன், கையில் பிசுபிசுவென்று நசுங்கியது. ஊறியது டக் டக்கென்று வந்தது. ராத்திரி ஒரு மணிக்கு எட்டுப் பை தட்டையாக ஃப்ரீசருக்குள் போனது. மீனை இன்று மதியம் குழம்பு வைத்துக் காலி செய்கிறேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் போத்தல்.

வேலன் அண்ணா விடமாட்டார் என்பதால் ஃப்ரிட்ஜுக்கு மூன்று டப்பா வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் நாற்பது பழம். ஒன்று, காம்போடு வெட்டி, கழுவாதது. இரண்டு, காம்பில்லாமல் உருவி, கழுவாதது. மூன்று, காம்போடு வெட்டி, வினிகர் தண்ணீரில் அலசி, ஃபேனுக்குக் கீழே துணியில் இரண்டு மணி நேரம் உலர்த்தியது. எல்லாவற்றிலும் அடியில் கிச்சன் பேப்பர், மூடியை இறுக்காமல் லேசாக வைத்திருக்கிறேன். ஒரே தட்டு, பின்சுவர் ஓரம்.


வினிகர்_வேலன்
ஞாயிறு, காலை 8:15

நாற்பது நாற்பது என்று எண்ணியே வைத்தீர்களா! மூன்றாம் டப்பாவின் மேல் என் மானம் இருக்கிறது.


மாடிவீட்டு_மல்லி
சனி, இரவு 9:05

ஒரு வாரம் ஆகிவிட்டது, கணக்கு இதோ.

இரண்டாம் டப்பா (உருவியது) மூன்றாம் நாளே பேப்பரைச் சிவப்பாக நனைத்துவிட்டது. நாலாம் நாள் ஒன்பது பழத்தில் குழியைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு. அன்றைக்கே மிச்சத்தை எடுத்து ரசத்தில் போட்டுவிட்டேன்.

மூன்றாம் டப்பா (வினிகர்) நாலு நாள் அழகாக இருந்தது, பூஞ்சை ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் நாள் காம்பெல்லாம் பழுப்பு, பழத்தின் பளபளப்பு போய்ச் சுருங்கத் தொடங்கியது. ஏழாம் நாள் இரண்டில் பூஞ்சை, பத்துப் பதினைந்து தொளதொளவென்று. வாயில் போட்டால் தோல் வழவழப்பாக இருந்தது, வினிகர் வாசனை எதுவும் இல்லை.

முதல் டப்பா (காம்போடு, கழுவாதது) ஐந்தாம் நாளும் பறித்த அன்று போல. காம்பு பச்சை. இன்று ஏழாம் நாள் மூன்று பழம் கெட்டு, அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்த இன்னும் இரண்டில் கறை. மற்ற முப்பத்தைந்தும் நன்றாக இருக்கின்றன, கெட்டி மட்டும் கொஞ்சம் குறைவு. தினமும் ஒரு முறை கிளறிப் பார்த்துக் கெட்டதை எடுத்திருந்தால் அந்த இரண்டும் தப்பியிருக்கும், நான் வியாழக்கிழமைக்குப் பிறகு பார்க்கவில்லை.


வினிகர்_வேலன்
சனி, இரவு 9:22

நாலு நாள் வரை பூஞ்சையே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.


கெல்லர்_அண்ணை
சனி, இரவு 9:50

தம்பி, அது வினிகர் காப்பாற்றினது இல்லை, காம்பு காப்பாற்றினது. காம்பில்லாத பழத்தை வினிகரில் போட்டுப் பார்த்தால் தெரியும்.


களாக்காய்
சனி, இரவு 10:10

ரசம் எப்படி வந்தது? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே.


மாடிவீட்டு_மல்லி
ஞாயிறு, காலை 10:00

புளி இல்லாமல் வைத்தேன். இரண்டு டம்ளர் தண்ணீருக்குக் கொட்டை எடுத்த பழம் ஒரு கைப்பிடி நிறைய, வேகவைத்துக் கையால் மசித்து வடிகட்டினேன். மற்றதெல்லாம் வழக்கமான மிளகு சீரக ரசம்தான். நிறம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது, அவர் முதலில் தொடவில்லை. புளிப்பு கூர்மையாக, கடைசியில் லேசாக ஒரு இனிப்பு. ஒரு சிட்டிகை வெல்லம் கூடத் தேவைப்படவில்லை. ஊறுகாயும் களாக்காய் ஊறுகாய் போலவே நல்லெண்ணெய், வெந்தயம், மிளகாய்த்தூள் போட்டுக் கொஞ்சம் கிளறியிருக்கிறேன். ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது, வெளியே வைக்கத் தைரியமில்லை.

அப்புறம் ஒன்று. நேற்று ஒரு போத்தலைப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது மனசு தாங்காமல் போன வருட வாளிக் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "தெரியுமே, கெல்லர் முழுக்க ஒரு வாரம் வாசனை வந்ததே" என்றார்.

இப்போது புதுச் சிக்கல். கொட்டைகளை எங்கே என்று கேட்டார். குப்பையில் போடவிருந்தேன், நல்லவேளை பையில் கட்டியே வைத்திருந்தேன். கழுவிக் காயவைத்துத் துணிப்பையில் தைத்துச் சூடாக்கி வயிற்றில் வைத்துக்கொள்வார்களாம். துணியும் நூலும் கொடுத்துவிட்டார். ஒட்டியிருக்கும் சதையை எப்படி எடுப்பது? தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.


கெல்லர்_அண்ணை
ஞாயிறு, காலை 10:35

ஒரு பானை தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். வடித்து, பழைய துவாயில் சுற்றி நன்றாக உருட்டித் தேய்த்தால் சதை கழன்றுவிடும். பிறகு ஓவனில் குறைந்த சூட்டில் நன்றாகக் காயவேண்டும், ஈரம் இருந்தால் பைக்குள் பூஞ்சை பிடிக்கும்.


வினிகர்_வேலன்
ஞாயிறு, காலை 10:37

என்ன விட்டு, அண்ணா? சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள்.